இருபத்தொன்பதாம் நாள் கட்லட்

தட்டு என் பக்கம் நகர்ந்து வந்தது. அம்பிகை அதைக் கையால்கூடத் தள்ளவில்லை. சுட்டுவிரல் நுனியால் தள்ளினாள். பிட்டின் ஓரத்தில் கோழிக்குஞ்சு கொத்திய அளவுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். "பசிக்கேல்லை" என்றாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பின்னேரம் ஆறு மணிக்குப் பசிக்கவில்லையாம்!

அது இருபத்தெட்டாவது நாள். நாள் எண்ணுகிற ஆள் இல்லை நான். ஆனால் தைப்பொங்கல் கழிந்த மறுகிழமையிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் மாவை வறுத்து, குழைத்து, சுண்டுப் பேணியால் கொத்தி, நீத்துப்பெட்டியில் போட்டு அவித்தால் கணக்குத் தானாக மனதில் ஏறிவிடும். ஒருநாள் அரிசிமாப் பிட்டு, மறுநாள் காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் பிட்டு. தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். எங்கள் வளவில் அந்த மாசியில் கத்தரி மட்டும் சொல்வழி கேளாமல் காய்த்தது. சண்டையால் கப்பல் வரத்து இல்லை; கடலுக்குப் போகத் தடை, மீன் இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் கோதுமை மா இல்லை, பாண் இல்லை. மண்ணெண்ணெய் விற்கிற விலையில் ஜாம்போத்தல் விளக்கைக்கூட நினைத்து நினைத்துத்தான் கொளுத்த வேண்டும். அதனால் இருட்ட முன்னரே இராச்சாப்பாட்டை முடித்துவிடுவோம்.

இவர் கந்தோர் வேலையால் வந்து சைக்கிளை மாமரத்தில் சாத்தும்போதே கேட்பார்: "இண்டைக்கும் பிட்டோ?" இல்லை, கோழிப் புரியாணி என்று வாய்வரை வரும். விழுங்கிவிடுவேன். என்ன சமைக்கிறது என்று அவர் ஒருநாளாவது யோசித்திருப்பாரா? பானைக்குள்ளே பூதமா இருக்கிறது, கேட்டதை எடுத்துத் தர? ஆனாலும் அவர் முணுமுணுத்துக்கொண்டாவது சாப்பிட்டு எழும்பிவிடுவார். அம்பிகைதான் என்னைக் கொன்றாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை இடுப்பில் ஊசி குத்தித்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில் நின்றவள் சுருண்டு விழுந்துவிட்டாள். கூட்டிக்கொண்டு வந்த வகுப்பு ரீச்சர், "பிள்ளைக்கு வீட்டிலை சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்று கேட்டபோது எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளக்காதா என்று இருந்தது. குடுக்கிறேன் தாயே, குடுக்கிறேன், அவள் தின்னவேண்டுமே!

அந்தப் புதன்கிழமை பின்னேரமே வேலியில் இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் புகுந்து பக்கத்து வீட்டுப் பியாட்றிஸ் ரீச்சரிடம் போனேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருசம் மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்றவ. விசயத்தைச் சொன்னதும் அலுமாரியைத் திறந்து, கறுப்பு மட்டை போட்ட கொப்பி ஒன்றை எடுத்துத் தந்தா. முத்து முத்தான எழுத்து. முதல் பக்கத்தில் கேக், பன்னிரண்டு முட்டை. அடுத்ததில் புடிங். அதற்கடுத்ததில் இறைச்சி வைத்துச் சுடுகிற பை.

"ரீச்சர், உதுக்கெல்லாம் பாண் சுடுற போறணை வேணுமே?"

"ஓம் பூரணம். உம்மட்டை இல்லையோ?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவவைக் கோவித்தும் பயனில்லை, அவவே அன்று அவித்த பனங்கிழங்கைத்தான் உரித்துக்கொண்டிருந்தா. கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். பதினேழாம் பக்கத்தில் கட்லட் இருந்தது. போறணை வேண்டாம், அடுப்பு போதும். அம்பிகை நாலு வயதில் ஒரு கலியாண வீட்டில் கட்லட்டைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தவள். அந்தப் பக்கத்தில் ஒரு ஈர்க்கை வைத்து மூடினேன்.

வியாழக்கிழமை காலை இருவரும் போனதும் கொப்பியை அம்மிக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, போருக்குப் போகிறவள் மாதிரி ஒவ்வொரு வரியாக மல்லுக்கட்டினேன். அவித்து மசித்த உருளைக்கிழங்கு. எங்கள் கோப்பாய்ச் செம்மண்ணில் மாசி என்றால் உருளைக்கிழங்கு கிண்டுகிற காலம். அந்த வருசம் விதைக்கிழங்கே வரவில்லை, எங்கே கிண்டுவது? கிணற்றடியில் நின்ற மரவள்ளியைப் பிடுங்கினேன். ரின்னில் அடைத்த மீன். பரணில் தொங்கிய கடைசிக் கருவாட்டைச் சுட்டு உதிர்த்தேன். முட்டை. எங்கள் கோழி பனி தொடங்கியதிலிருந்து அடைகிடப்பதோடு சரி. அரிசிமாவைக் கரைத்து வைத்தேன். பாண்தூளுக்குக் குரக்கன் மா. பட்டருக்குத் தேங்காயெண்ணெய், அதுவும் ஒரு கிழமைக்கு வைத்திருந்தது. ஒவ்வொரு வரியிலும் 'இது இல்லை, அது இல்லை' என்று சபித்துக்கொண்டே வந்தவள், அடுத்த வரியைக் கண்டதும் சிரித்தேவிட்டேன். இஞ்சி, ஒரு துண்டு. பொங்கலுக்கு வாங்கி மண்ணுக்குள் புதைத்து வைத்த இஞ்சி கொத்தாகக் கிடந்தது! அந்தக் கொப்பி கேட்டதில் கேட்டபடியே என் வீட்டில் இருந்த ஒரே சாமான். சந்தோசத்தில் ஒரு துண்டுக்கு இரண்டு துண்டாக அரைத்துச் சேர்த்தேன்.

பின்னேரம் கட்லட் பதினொன்று வந்தது. மணம் வேலி தாண்டிப் போயிருக்கும். அம்பிகை குசினி வாசலில் வந்து நின்றாள். "அம்மா, உதென்ன?" கேள்வி முடிய முன்னரே ஒன்றைக் கையில் எடுத்துவிட்டாள். சூடு பொறுக்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி ஊதித் தின்றாள். பிறகு தட்டில் வாங்கிக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவதைத் தின்னும்போது விரலை நக்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகை என்று சொல்லிக்கொண்டேன். இவரும் ஒரு சொல் பேசாமல் நாலு சாப்பிட்டார். எனக்கென்று இரண்டை மூடி வைத்தேன்.

"உருளைக்கிழங்கு எங்கை எடுத்தனீர்?" என்று கேட்டார்.

"உருளைக்கிழங்கோ? சொல்லுங்கோ பாப்பம்" என்றேன். இருபத்தெட்டு நாளைக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பெருமை, அதை இலேசில் விட மனமில்லை. அவர் யோசித்தார். நானே சொன்னேன்: "எங்கடை கிணத்தடி மரவள்ளி!"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "இஞ்சி மணக்குது" என்றார்.

அவ்வளவுதான். நடக்கப் பழகிய காலத்திலிருந்து கேட்டு வளர்ந்த விசயம் அது. மரவள்ளியும் இஞ்சியும் சேர்ந்தால் நஞ்சு. மரவள்ளி அவித்த நாளில் என் அம்மா இஞ்சித் தேத்தண்ணி கூட வைக்கவிடமாட்டா. இந்த ஊரில் எந்தப் பெண்ணும் விடாத பிழை. உருளைக்கிழங்கு என்று எழுதியிருந்த வரியை வாசித்து வாசித்து, கையில் இருப்பது என்ன கிழங்கு என்பதையே மறந்துபோனேன். அறுந்துபோன கொப்பி!

"வேணுமெண்டு செய்தனீரோ?" என்று கத்திக்கொண்டு இவர் தேசிமரத்தடிக்கு ஓடினார். தொண்டைக்குள் விரலை விட்டுச் சத்தியெடுக்கிற சத்தம் கேட்டது. நான் வேலியடிக்கு ஓடிப் பியாட்றிஸ் ரீச்சரைக் கூப்பிட்டேன். வந்து கேட்டுவிட்டு அவ மார்பில் சிலுவை போட்டா.

"சனம் சொல்லுற கதை பூரணம், விஞ்ஞானப் புத்தகத்திலை ஒரு இடத்திலும் நான் வாசிக்கேல்லை" என்றா. எனக்கு மூச்சு வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நானும் ஒருநாளும் சேத்துச் சமைச்சுப் பாக்கேல்லை" என்றா.

இவர் வாயைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். நீர்வேலியில் வைத்தியம் பார்க்கிற பரியாரியாரைக் கூட்டிவரப் போவதாகவும், அதற்குள் பிள்ளைக்கு உப்புத் தண்ணி பருக்கிச் சத்தியெடுக்கப் பண்ண வேண்டுமென்றும் சொல்லிவிட்டு ஒழுங்கையில் மறைந்தார்.

செம்பில் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்தேன். அம்பிகை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை. கண்ணைப் பார்த்தேன். தெளிவாக இருந்தது.

"குடி பிள்ளை."

"மாட்டன்."

"அம்பிகை, அடி வாங்குவாய். குடிச்சுச் சத்தியெடு."

"எத்தினை நாளைக்குப் பிறகு வயிறு நிறைஞ்சது, அதைப் போய் வெளியிலை எடுக்கச் சொல்லுறியள். செத்தாலும் பரவாயில்லை, எடுக்க மாட்டன்."

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. ஒரு மாதமாக ஒரு வாய் தின்னடி என்று கெஞ்சியவள் நான். இப்போது தின்றதைக் கக்கு என்று கெஞ்சுகிறேன். யாரைத் திட்டுவது? கப்பலை மறித்தவனையா, கடலை மறித்தவனையா, பன்னிரண்டு முட்டை கேட்ட கொப்பியையா? வாய்விட்டு அழுதேன். அழுதபடியே மூடி வைத்த கிண்ணத்தைத் திறந்து ஒரு கட்லட்டை எடுத்து வாயில் போட்டேன். அவளுக்கு ஒன்று என்றால் நான் மட்டும் இருந்து என்ன, இன்னும் இருபத்தெட்டு நாள் பிட்டு அவிக்கவா?

மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. கருவாட்டின் உப்பும் இஞ்சியின் உறைப்பும் நாக்கில் ஏறின. என்ன அநியாயம், நல்ல ருசியாக இருந்தது.

வெளியில் இருட்டிக்கொண்டு வந்தது. ஒழுங்கையில் சைக்கிள் மணி எதுவும் கேட்கவில்லை. அம்பிகை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிண்ணத்தில் கிடந்த கடைசிக் கட்லட்டைப் பார்த்தாள்.

"அம்மா, உது ஆருக்கு?"

உப்புத் தண்ணிச் செம்பு என் மடியில் இருந்தது. அவள் சுட்டுவிரல் நுனியால் தட்டை என் பக்கம் தள்ளினாள். அதில் ஒரு துகள்கூட மிச்சம் இல்லை.