வேகாத பங்கு

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம், பெர்பெக்தா வீட்டுப் பானையில் மகள் ஜோவெலினின் பங்கு மட்டும் வேகவில்லை. போஹோல் கடலில் இருக்கும் லிப்பாயன் தீவில் கையில் கொடுத்தனுப்பும் சோற்றைப் புசோவாகத்தான் கட்டுவார்கள். தென்னங்குருத்தில் கைப்பிடியளவு கூடு பின்னி, உள்ளே அரிசியைப் போட்டு, ஆளுக்கொன்றாய்க் கொத்தாகக் கட்டி அவிப்பார்கள். மகன் ரோதெலுடைய கூட்டுக்கு நீல நூல், ஜோவெலினுக்குச் சிவப்பு, பெர்பெக்தாவுக்கு நூல் கிடையாது. ஒரே தண்ணீரில் ஒரே தீயில் கொதித்த மூன்றில், சிவப்பு நூல் கட்டியதை அறுத்தபோது அரிசி அப்படியே கலகலவென்று தட்டில் உதிர்ந்தது.

பெர்பெக்தா எதையும் முன்கூட்டியே செய்து வைக்கிறவள். புருஷன் சரக்குக் கப்பலில் இருந்தான். வீடு அவள் ஒருத்தி தலையில். அந்த வருஷம் ஜோவெலின் படகேறி எதிர்க்கரை உயர்நிலைப்பள்ளிக்குப் போக வேண்டும் என்பதால் ஏற்பாடு இரட்டிப்பாக நடந்தது. பைகளுக்குச் சுவரில் ஆணி அடித்தாயிற்று. வளர்கிற கால் என்று பெரிதாக வாங்கிய சப்பாத்துகளின் முனையில் காகிதம் திணித்தாயிற்று. காடி தூக்கலாக விட்ட பன்றிக்கறி அடோபோ ஜாடிகளில் ஊறியது, கருவாடு உத்தரத்தில் தொங்கியது. அன்றைய சமையலே ஒரு ஒத்திகைதான். பிள்ளைகளை இருட்டோடு எழுப்பி, குளிக்க வைத்து, சீருடை போட்டு, சோறு கட்டிப் பார்த்தாள். அந்த ஒத்திகையில்தான் இது நடந்தது.

மனாங், அதாவது அக்கா, என்று ஊரே கூப்பிடும் பக்கத்து வீட்டுத் தெக்லா விஷயம் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். "பழைய அரிசியா இருக்கும்டி. கடைக்காரன் உன் தலையில கட்டிட்டான்," என்றாள். ஒரு மணியை எடுத்துக் கடித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரோட கூடு இது?"

"பெரியவளோடது."

தெக்லா சிலுவை போட்டுக்கொண்டாள். பேக்கரிக்காரன் வீட்டில் ஒரு தடவை மகன் கூட்டுக்கு இப்படித்தான் ஆனதென்றும், அந்தப் பையன் அந்த வருஷப் படிப்பை முடிக்கவில்லையென்றும், ஆவணியில் கடல் கொண்டுபோயிற்றென்றும் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாதென்று பிறகு வாயில் அடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு பெர்பெக்தா கடைக்கு ஓடினாள். புது அரிசி வாங்கினாள், வேகவில்லை. தெக்லா வீட்டு அடுப்பில் வைத்தாள், வேகவில்லை. யாருக்கும் தெரியாமல் நூல்களை மாற்றிக் கட்டினாள். அரிசியை ஏமாற்ற முடியவில்லை, அவள் மனதுக்குள் மகளுக்கென்று வைத்த கூடு எதுவோ அதுவே கல்லாய்க் கிடந்தது. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், ஈரமானதுதான் மிச்சம். சோளக்கஞ்சி வைத்தால் அதுவும் மகள் கிண்ணத்தில் மட்டும் பச்சையாய் நின்றது. பகலில் பிள்ளையைக் கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டாள், கிணற்றடிக்குப் போனாலும் பின்னாலேயே போனாள். கடைசியில் பை மாட்டிய ஆணியைப் பிடுங்கினாள்.

"நீ பள்ளிக்கூடம் போகவேண்டாம்."

"அரிசி வேகலைன்னா என்னை நிறுத்துவியா? அரிசியா பரீட்சை எழுதப்போவுது?" என்றாள் ஜோவெலின்.

"வாயாடாதே. கடல் இருக்குடி."

"வீட்டுல பாம்பு வராதா? தென்னமரம் தலையில விழாதா? எங்கேம்மா என்னை ஒளிச்சு வைப்பே? ஜாடிக்குள்ள போட்டுக் காடி ஊத்தி வைப்பியா?"

முடிந்தால் வைத்திருப்பாள். அது முடியாதென்று தெரிந்தபோதுதான் பெர்பெக்தா முதல் முறையாக அழுதாள். பிறகு ஆணியைத் திரும்ப அடித்தாள்.

பள்ளி திறக்கும் காலையில் கூடுகளை இறக்கினாள். சிவப்பு நூலை அறுத்தாள், வேகாத அரிசி. அதைத் தன் தட்டில் கொட்டிக்கொண்டாள். வெந்திருந்த தன் புசோவை மகள் பையில் வைத்தாள். "இது என் பங்கு. நல்லதோ கெட்டதோ, எனக்கு வந்தது," என்று பானையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அரிசியை வாயில் போட்டு மென்றாள். கடக்கு முடக்கென்று சத்தம் வந்தது. "அம்மா கோழி மாதிரி தின்னுது," என்று ரோதெல் சிரித்தான். ஜோவெலின் சிரிக்கவில்லை.

"துப்பும்மா."

"படகுக்கு நேரமாச்சு. போ."

அன்று சாயங்காலம் மகள் திரும்பி வந்தாள். மறுநாளும் வந்தாள். பெர்பெக்தா தினமும் வேகாத அரிசி தின்றாள், தினமும் பயந்தாள், தினமும் படகுத்துறையில் நின்றாள். ஒரு பல் உடைந்தது. ஆவணி வந்தபோது அவளுக்குத் தூக்கமே இல்லை.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் இருமினாள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. தெக்லா ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். குடம் குடமாக வந்தது, உப்புத் தண்ணீர், பாசியோடு, விரலளவு மீன்கள் துள்ள. அத்தனை நாள் தின்ற அரிசியும் ஒரு மணி விடாமல் வெளியே வந்தது. தெக்லாவின் கோழிகள் வாசலுக்கு வந்து பொறுக்கின. "மூச்சை விடாதடி, பிடிச்சுக்கோ," என்று தெக்லா கத்திக்கொண்டே இருந்தாள். பெர்பெக்தா முகம் நீலமாகி, பிறகு மெல்லத் தெளிந்தது.

அதே நேரத்தில் நடுக்கடலில் படகு கவிழ்ந்திருந்தது. மற்றவர்கள் படகின் பக்கவாட்டு மூங்கிலைப் பிடித்துத் தப்பினார்கள். ஜோவெலின் மட்டும் அடியில் போய்விட்டாள். வலைக்காரர்கள் வெகுநேரம் தேடி மேலே கொண்டுவந்தபோது அவள் கண் திறந்திருந்தது. கவிழ்த்துப் போட்டு முதுகைத் தட்டினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. "பசிக்குது," என்றாள்.

மறுநாள் காலை பெர்பெக்தா சிவப்பு நூலை அறுத்தாள். சோறு பஞ்சாய் வெந்திருந்தது. தன்னுடையதை அறுத்தாள், அது வேகவில்லை. அவள் தட்டை இழுத்துவைத்துத் தின்றாள்.

ஜோவெலின் படிப்பை முடித்து எதிர்க்கரையிலேயே மருத்துவத் தாதியானாள். ரோதெல் அப்பா வழியில் கப்பலேறினான். பெர்பெக்தாவின் சோறு அதன் பிறகு ஒருநாளும் வேகவில்லை. இப்போது கடைவாயில் பல் இல்லாததால் முதல்நாளே ஊறப்போட்டுக் கொள்கிறாள். விருந்துக்கு அழைக்கிறவர்கள் அவளுக்கென்று ஒரு கிண்ணம் ஊறவைத்த அரிசியை எடுத்து வைக்கிறார்கள், சந்தையில் கடைக்காரன் கேட்காமலே உடைத்த நொய்யாகப் பார்த்து அளந்து போடுகிறான்.