கடிபட்ட காலர்

அந்த முதியோர் இல்லத்தில் எல்லாரும் அவளைச் சூறாவளி என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் மாடி நர்ஸ். அவள் நிதானமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. அந்த வியாழக்கிழமை காலை, இரண்டு போர்வை குறைகிறதென்று சண்டை போடத்தான் சலவை அறைக்கு இறங்கினாள். ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்த சலவை அக்கா அவளை முந்திக்கொண்டாள்.

“உங்க கிரேன்காரருக்குச் சோறு போடுறீங்களா இல்லையா? மனுஷன் சட்டையைத் தின்னுட்டிருக்கார்!”

கிரேன்காரர் என்றால் பதினோராம் அறையில் இருப்பவர். துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டியவர். மறதி நோய் முற்றி, பேச்சு போய், இப்போது உடம்பும் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில வாரம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அந்தச் சில வாரத்துக்கும் இங்கே இடமில்லை. குளிப்பாட்ட வருகிறவர்களை அடிக்கிறார், போன வாரம் ஒருத்தியின் மணிக்கட்டைக் கடித்தே விட்டார். இன்று பன்னிரண்டு மணிக்கு வண்டி வரும். பூட்டிவைக்கிற மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் பார்க்க விடுவார்கள். தினமும் இரண்டு பஸ் மாறி வந்து அவர் பக்கத்தில் உட்காருகிற மனைவி, அவர் கண்ணை மூடும்போது கூட இருக்க முடியாது. அதை நினைத்து நினைத்து மூன்று நாளாகச் சூறாவளிக்குச் சோறு இறங்கவில்லை.

“எங்க, காட்டுங்கக்கா.”

ஏழு சட்டைகள். ஏழிலும் இடது பக்கக் காலர் நார் நாராகக் கடிபட்டிருந்தது. தைப்பதற்காக ஒதுக்கிய துணியில் எந்த நாள் வந்தது என்று சீட்டுக் குத்தி வைப்பது அக்காவின் வழக்கம். சூறாவளி சீட்டுகளைப் படித்தாள். செவ்வாய். வெள்ளி. செவ்வாய். வெள்ளி.

“மத்த நாள் சட்டையெல்லாம்?”

“அதெல்லாம் நல்லாத்தான் வருது. அதான் எனக்கு எரிச்சலே. ரெண்டு நாள் மட்டும் என்ன கேடு?”

செவ்வாயும் வெள்ளியும் குளியல் நாள். அன்றைக்குத்தான் கையைத் தூக்கிச் சட்டையை உருவுவார்கள், மற்ற நாளில் பொத்தானை அவிழ்த்து மெல்ல நழுவவிடுவார்கள். சூறாவளிக்குப் போர்வைச் சண்டையே மறந்துபோயிற்று. ஏழு சட்டையையும் வாரிக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாவினாள்.

தாவும்போதே தன்மேல் கோபம் பொங்கியது. அவர் படுக்கையில் தொங்கும் வலித் தாளை நிரப்புகிறவள் அவளேதான். காலை பத்து மணி, டீ குடித்து முடித்துச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். “வலி இருக்கா ஐயா?” என்பாள். அவர் பேசாமல் பார்ப்பார். பூஜ்யம் என்று போடுவாள். ஐந்து மாதமாகப் பூஜ்யம். மாடியில் இருக்கும் மற்றப் பதினொரு பேருக்கும் அதே நேரம், அதே கேள்வி, ஏறக்குறைய அதே பூஜ்யம். மேலாளர் அதைப் பெருமையாகச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான். நகராமல் உட்கார்ந்திருக்கிறவரிடம் போய், பேச்சு போனவரிடம் போய், வலிக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் வரும்? இதைக் கேட்க ஒரு நர்ஸ் வேறு!

பதினோராம் அறையில் டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். மேலாளர் கடிதத்தை நீட்டிக்கொண்டிருந்தார். சன்னல் ஓரம், கணவரின் இடது பக்கத்தில், அந்த அம்மா ஒரு சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கையெழுத்துப் போடாதீங்க டாக்டர்!”

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க,” என்றார் மேலாளர்.

“மறதி நோய் முத்தினா கோபம் வரத்தான் செய்யும்மா,” என்றார் டாக்டர் பொறுமையாக.

சூறாவளி சட்டைகளைக் கட்டிலில் பரப்பினாள். “சரி. கோபத்துக்குக் கிழமை தெரியுமா டாக்டர்? செவ்வாய், வெள்ளி மட்டும் வருமா? அதுவும் இடது காலர்ல மட்டும்?”

டாக்டர் பேனாவை மூடினார். ஒரு சட்டையை எடுத்தார், சீட்டைப் படித்தார், அடுத்ததை எடுத்தார்.

“ஒரு நிமிஷம் அவர் முகத்தை மட்டும் பாருங்க,” என்றாள். கிரேன்காரரின் வலது கையை மெல்லத் தூக்கினாள். அவர் பாட்டுக்குச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை ஒரு சாண்கூடத் தூக்கவில்லை, அதற்குள் புருவம் சுருங்கியது, மூச்சு நின்றது, தலை திரும்பி வாய் காலரைத் தேடியது. உடனே கையை இறக்கித் தலையணை வைத்தாள். “மன்னிச்சுக்கங்க ஐயா. இனிமே தூக்க மாட்டேன்.”

டாக்டர் அவருடைய இடது தோளைத் தொட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“அந்தக் கைதானே லீவரைப் பிடிச்ச கை,” என்றார் அந்த அம்மா. “சேர்க்கும்போதே ஆபீஸ்ல சொன்னேனே. எழுதிக்கிட்டாங்களே.”

மேலாளர் கூரையைப் பார்த்தார். ஆபீஸில் எழுதியது ஆபீஸிலேயே பத்திரமாக இருந்தது.

“மூட்டு நல்லா தேஞ்சிருக்கு,” என்றார் டாக்டர். “இந்தக் கையைத் தூக்கிச் சட்டையை உருவினா நானும் கடிப்பேன். ஆனா ஒண்ணு, இவருக்கு இருக்கிறது சில வாரம்தான்.”

“நான் கேக்குறதே அந்தச் சில வாரத்தைத்தான்.”

வெள்ளிக் குளியல் எப்படிப் போகிறதென்று பார்ப்பதற்காக வண்டி வெள்ளி மாலைவரை தள்ளிப்போயிற்று.

அன்றிரவே சலவை அக்கா ஐந்து சட்டைகளின் முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டி நாடா வைத்தாள். வெள்ளிக்கிழமை, குளியலுக்கு ஒரு மணி நேரம் முன்பே வலி மருந்து. வெந்நீரில் நனைத்த துண்டு தோள்மேல். வலிக்கிற கை கடைசியாகத்தான் சட்டையை விட்டு வெளியே வர வேண்டும், போடும்போது முதலில் உள்ளே போக வேண்டும் என்று சூறாவளி பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். அவர் ஒரு தரம் முனகினார். எல்லாரும் கையை எடுத்துக் காத்திருந்தார்கள். பிறகு தொடர்ந்தார்கள். யாரும் அடி வாங்கவில்லை.

இருந்தாலும் காலரைப் பார்க்கும்வரை சூறாவளிக்கு நம்பிக்கை வரவில்லை. கழற்றிய சட்டையை யாரோ அவசரத்தில் மூட்டையோடு கீழே அனுப்பியிருந்தார்கள். அவள் படியிறங்கப் போனபோது, முழங்கால் வலியால் ஒன்பது வருடமாக மாடி ஏறாத சலவை அக்கா மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தாள், சட்டையைத் தலைக்கு மேல் பிடித்தபடி.

“பாருடி! ஒரு பல்லு படல! ஒரே ஒரு பல்லு படல!”

இருவரும் படிக்கட்டிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். மேலாளர் போனில் டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தார். “வண்டி வேண்டாமாம். மத்தப் பதினொரு பேரையும் உக்கார்ந்திருக்கும்போது கேக்காம, குளிக்கும்போதும் படுக்கையில திருப்பிப் போடும்போதும் வலிக்குதான்னு பாக்கணுமாம். இன்னைக்கே.” பழைய வலித் தாள்களை அவரே கழற்றினார்.

அறையில் அந்த அம்மா வழக்கமான இடது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், கையை மடியில் கட்டிக்கொண்டு.

“கையைப் பிடிச்சுக்கலாமேம்மா.”

“வேணாம் கண்ணு. பிடிச்சா உதறிடுவார். அஞ்சு மாசமா அப்படித்தான். என்னை யாரோன்னு நினைக்கிறார்…”

சூறாவளிக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலியை அந்த அம்மாவோடு சேர்த்தே கட்டிலின் வலது பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த அம்மா பயந்து பயந்து விரலை நீட்டினார். கிரேன்காரர் அதைப் பிடித்தார். பிறகு கை முழுவதையும் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டு வண்டி வந்தது, விடவில்லை. கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று, விடவில்லை.

“ஏன் கண்ணு,” என்றார் அந்த அம்மா, கண் இரண்டும் வழிய, “இங்க இன்னொரு கட்டில் போட இடம் இருக்குமா?”

சூறாவளி ஏற்கனவே கட்டில் எடுக்க ஓடிவிட்டிருந்தாள்.