ராஜகோபால் என்று ஒரு டாக்டர் இல்லை

1

இந்தக் கதையை நான் விரும்பி எழுதவில்லை. என் மகன் கேட்டான். காஞ்சிபுரத்தில் அவன் அறுவை மருத்துவன். பயிற்சி டாக்டர்களுக்குப் பாடமும் சொல்கிறான். "இங்கிலீஷ்ல சொன்னா தூங்கிப் போறாங்கப்பா. நான் செஞ்ச தப்பை நீங்க கதையா எழுதுங்க, சனிக்கிழமை படிச்சுக் காட்டுறேன்" என்றான்.

எழுதினேன்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் டாக்டர் ராஜகோபால், ஓரிக்கை கங்கையம்மாளுக்குப் பித்தப்பையை எடுத்தபோது, விதிவசமாக ரத்தம் பீறிட்டு'

(ராஜகோபால் என்று அந்த மருத்துவமனையில் யாரும் இல்லை. எங்கள் வீட்டார் பெயர் எதுவும் இதில் வராது. பூச்சி விழுந்து சாகும் என்று, பொழுது சாய்ந்தபின் அடுப்பு மூட்டாத சமணக் குடும்பம் எங்களுடையது.)

2

மகன் படித்துவிட்டுச் சிரித்தான். "யாருப்பா இந்த ராஜகோபால்? பாவம், அவர் பொண்டாட்டிக்குத் தெரியுமா?" பிறகு சிரிப்பு நின்றது. "விதியை எப்படிப்பா பசங்களுக்குக் காட்டறது? இதைப் படிச்சவன் நான் செஞ்சதையேதான் செய்வான்."

நடந்தது இது. பித்தப்பையை எடுக்கும்போது ரத்தம் நிறைந்து மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூத்த டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ரத்தத்தை நிறுத்தக் கண்ணுக்குத் தெரியாமலே இடுக்கி போட்டான், ரத்தக்குழாய்க்குப் பதில் பித்தநீர் போகும் நாளம் அகப்பட்டது. கங்கையம்மாள் உடம்பெல்லாம் மஞ்சளித்து, மெல்லச் செத்தாள்.

"ஏன் கூப்பிடலை?"

"பசங்க சுத்தி நின்னு பாத்துக்கினு இருந்தாங்க. வெக்கமா இருந்துச்சுப்பா."

பிறரிடம் உதவி கேட்பது இழிவு என்று அவனுக்கு வீட்டில் யார்

(இந்த வாக்கியம் வேண்டாம்.)

3

முடிவு ஒன்று: ராஜகோபால் மனம் உடைந்து தொழிலை விடுகிறார். (பொய். மகன் நேற்றும் ஆபரேஷன் செய்தான்.)

முடிவு இரண்டு: யாரும் எதுவும் சொல்வதில்லை. பயிற்சி டாக்டர் தாவீது, அடுத்த மாதம், ரத்தத்துக்குள் இடுக்கியை விடுகிறான்.

இரண்டு முடிவுகளையும் மகனிடம் காட்டினேன்.

"பேரை மறைச்சா எவனோ மடையன் செஞ்சான்னு நினைப்பாங்க. கத்துக்குடுக்கிறவனே செஞ்சான்னாதான் பயப்படுவாங்க. அடுப்புல பூச்சி விழுந்ததை யாரோ ஒருத்தர் வெளியே சொன்னதாலதானேப்பா ராத்திரி அடுப்பு மூட்டாத நம்ம வழக்கமே வந்துச்சு?"

"சொன்னவன் பேர் யாருக்காவது தெரியுமா?" என்றேன்.

"தெரியாது. ஆனா அது அவர் வீட்டு அடுப்பாத்தான் இருந்திருக்கும்."

4

'விதிவசமாக' என்பதை அடித்துவிட்டேன். இடுக்கி, விரல், வெட்கம், எல்லாம் உள்ளபடி இருக்கின்றன. ராஜகோபாலையும் அடித்தாயிற்று. இப்போது முதல் வரி இப்படி நிற்கிறது:

'டாக்டர் .................. , ஓரிக்கை கங்கையம்மாளுக்கு'

அந்த இடத்துக்கு என் பேனா போகவில்லை. நாளை சனிக்கிழமை. பெயரை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் இப்போதுதான் கண்ணில் படுகிறது. இத்தனை அடித்தல் திருத்தலிலும், செத்தவளுக்கு ஒரு புனைபெயர் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.