மருத்துவமனைப் பக்கம் திறக்கவில்லை

மாலை நாலரை மணி. ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநரின் வீட்டில், சன்னலோரக் கணினியின் முன்னே பழுதுபார்ப்பவன் அமர்ந்திருந்தான். செய்தித்தளம் திறந்தது; வானிலைத்தளம் திறந்தது; பாட்டுகூட ஒலித்தது. மருத்துவமனையின் தளம் மட்டும் திறக்க மறுத்து அடம்பிடித்தது.

"என்ன தம்பி, ஆளைப் பாத்து வழிவிடுற செக்போஸ்ட்டா இது?" என்றார் ஓட்டுநர். வயிற்றைக் கையால் அணைத்தபடி கட்டில் விளிம்பில் அமர்ந்திருந்தார். "அஞ்சு மணிக்குள்ள ஆபரேஷன் தேதிய உறுதி பண்ணணும். இல்லேன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க. போன் பண்ணினா ஒருத்தனும் எடுக்கல."

அவன் இணையக் கம்பியைப் பிடுங்கிச் செருகினான். ரவுட்டரை அணைத்து எழுப்பினான். வேறு பிரவுசரில் முயன்றான். ஒன்றுக்கும் அது மசியவில்லை. தன் கைப்பேசியை அவ்வீட்டு வைஃபையில் இணைத்துப் பார்த்தான். அதே தளம் நொடியில் விரிந்தது.

"என் போன்ல வருதே! அப்போ லைன்ல குத்தமில்ல ஐயா, கம்ப்யூட்டர்லதான்."

சமையலறை வாசலில் நின்ற ஓட்டுநரின் மனைவிக்கு முகம் வெளுத்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. தள முகவரிகளுக்காகக் கணினி முதலில் புரட்டும் சிறு கோப்பைத் திறந்தான். உள்ளே பதினொரு முகவரிகள். முதலாவது மருத்துவமனை, மற்றவை யாவும் கணையப் புற்றுநோயைப் பற்றியவை. ஒவ்வொன்றும் திறக்காதபடி வெற்று முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது. எந்த வைரசும் இவ்வளவு ஒழுங்காக வரிசை கட்டாது.

"தம்பி, உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அவள். குழாயைத் திறந்துவிட்டு, அந்த இரைச்சலுக்குள் பேசினாள்.

"அந்த ஃபைல்ல நான்தான் எழுதினேன். ஸ்கூல் கம்ப்யூட்டர் ரூம்ல பிள்ளைங்க கேம்ஸ் பக்கம் போகாம இப்படித்தான் அடைச்சு வைப்பேன்."

"அஞ்சு மணிக்குள்ள பண்ணலேன்னா..."

"ஆபரேஷனே இல்ல தம்பி. எங்கெங்கயோ பரவிடுச்சுன்னு டாக்டர் என்கிட்ட மட்டும் சொன்னார். அந்தப் பக்கத்துலயும் போட்டுட்டாங்க. எங்க பொண்ணு ஞாயித்துக்கிழமை வரா. அதுவரைக்கும் ஏதாவது ரிப்பேர்னு சொல்லிடுங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை தன் தலையில் விழுந்ததை அவன் உணர்ந்தான்.

"பெரிய கோளாறு ஐயா. கடைக்கு எடுத்துட்டுப் போகணும்" என்றான் திரும்பி வந்து.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி உங்க போன்ல திறங்க. அதுல வருதுன்னீங்களே! இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு."

அவன் தன் கைப்பேசியில் தளத்தைத் திறந்தான். ஓட்டுநர் தம் நோயாளி எண்ணை வண்டி எண்போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவன் வேண்டுமென்றே ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தான்.

"தப்புன்னு வருது ஐயா."

"நல்ல மெக்கானிக்கு போ! குடுங்க, நானே அடிக்கிறேன்."

ஒற்றை விரலால் அவர் அடித்து முடித்தார். பக்கம் விரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்திருந்தார்.

"எழுத்து பொடியா இருக்கு. பெருசாக்குங்க தம்பி."

பெரிதாக்கிக் கொடுப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. 'அறுவை சிகிச்சை கைவிடப்பட்டது' என்ற வரி திரை முழுவதையும் நிறைத்தது.

ஓட்டுநர் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"செவ்வாக்கிழமையே போட்டிருக்கான். மூணு நாளா நீ ஒத்தையாவா இதத் தூக்கிட்டுத் திரிஞ்ச?"

அவள் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டாள். அவளிடம் போவதற்காக அவர் எழுந்தார். வலி விடவில்லை, கட்டில் விளிம்பிலேயே மீண்டும் அமர்ந்தார்.