மானேஜருக்கு மருந்து கொடுத்ததாக எழுதப்பட்ட நாட்கள்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், வீட்டில் யாராவது போட்டுக்கொடுப்பதற்குள். ஒரு பூனைக்குப் படர்தாமரை வந்தது. அதற்கு வாய்வழியாக மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்க வேண்டிய ஆள் எழுத்தாளராக இருந்து தொலைத்தார். அவ்வளவுதான். இதில் கதைக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அவரும் அப்படிக் கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருந்தால் பூனை இந்நேரம் குணமாகியிருக்கும்.

முதல் தொடக்கம்: "பின்னறை ஜன்னல் வழியே விழுந்த வெயிலில், வட்ட வட்டமாக முடி உதிர்ந்த அந்த ஜீவன், காலத்தின்—"

காலத்தின் என்ன? தெரியவில்லை. அடித்துவிட்டேன். 'காலம்' என்ற சொல் வந்துவிட்டாலே என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது தொடக்கம்: "ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் ஒருவர் தன் பூனைக்கு மருந்து—"

இதை என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். அவள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஒன்றைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பாள்.

"கணக்குப் பேராசிரியரா? ஏழு நாளு மருந்த எண்ணிக் குடுக்கத் துப்பில்ல, இதுல பேராசிரியர் வேற!"

ஆகவே பேராசிரியர் கதையிலிருந்து வெளியேறினார். 'அவர்' என்று மட்டும் வைத்துக்கொள்வோம். 'நான்' என்றே எழுதலாம்தான், ஆனால் கை கூசுகிறது. ஏன் கூசுகிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பாடும்.

2

அவருக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். பூனைக்கு மானேஜர் என்று பெயர் வைத்தவள் அவள்தான். வீட்டில் யார் என்ன வேலை செய்தாலும் அது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, எதிலும் திருப்தியில்லாத முகத்தோடு பார்த்துக்கொண்டே இருக்கும். வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தியிருக்காது.

ஒருநாள் மகளின் முழங்கையில் சிவப்பாக ஒரு வளையம் தெரிந்தது. மானேஜரைப் பிடித்துப் பார்த்தால் காதோரம் இரண்டு இடத்தில் முடி கொட்டியிருந்தது. கால்நடை மருத்துவரான டாக்டரம்மா அறையை இருட்டாக்கி ஓர் ஊதா விளக்கைக் காட்டினார். காதோர முடி பச்சையாக மின்னியது. பிறகு ஒரு புது டூத் பிரஷ்ஷை எடுத்து மானேஜரின் உடம்பு முழுக்க வாரி, அதைச் சின்னக் கண்ணாடித் தட்டில் ஒற்றி, பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்க அனுப்பினார்.

"மேல பூசறது மட்டும் பத்தாது. உள்ளுக்கும் குடுக்கணும். ஒரு வாரம் தினமும் காலைல, அடுத்த வாரம் லீவு. மறுபடி ஒரு வாரம், மறுபடி லீவு. அப்படி மூணு சுத்து. ஒரு வேளகூட விடக்கூடாது. ரெண்டு டெஸ்ட் அடுத்தடுத்து சுத்தமா வந்தாதான் அறையவிட்டு வெளிய விடணும்."

"அதுவரைக்கும் நான் தூக்கக் கூடாதா?" என்று மகள் கேட்டாள்.

"தொடவே கூடாது கண்ணு. உன் கை முதல்ல ஆறட்டும்."

வீடு வந்து சேரும்வரை அவள் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து மானேஜர் பின்னறையில். கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

(வட்டமாகப் படரும் ஒரு சொறிக்குத் தாமரை என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் அவர் நம்ம ஆள். உண்மையைவிட அழகு முக்கியம் என்று நினைத்திருக்கிறார். இந்தக் கதையில் நடந்த கோளாறும் அதுதான்.)

3

மருந்து கொடுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. "வீட்ல சும்மா இருக்கறது நீங்கதானே" என்றாள் மனைவி. "எழுதிட்டிருக்கேன்" என்றார் அவர். "அதத்தான் சொல்றேன்" என்றாள்.

அவள் ஒரு நோட்டு வாங்கிவந்து ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். தேதி, நேரம், அளவு, குறிப்பு. வாழ்க்கையில் அவள் செய்த தவறுகளில் இரண்டாவது பெரியது அந்தக் 'குறிப்பு' என்ற கட்டம். (முதலாவது எது என்று அவளே அடிக்கடி சொல்வாள்.) எழுதுகிறவன் முன்னால் காலி இடத்தை வைக்கலாமா?

முதல் வாரம் அவர் ஒழுங்காகத்தான் இருந்தார். பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, மானேஜரைத் துண்டில் சுற்றி, ஊசியில்லாத சிரிஞ்சைக் கடைவாயில் நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார். அது அவரைப் பார்த்த பார்வையில் வேலைநீக்க உத்தரவு இருந்தது. பிறகு நோட்டில் எழுதினார்:

*முதல் நாள். 8.10. நுரை தள்ளியது. கொஞ்சம் சட்டைமேல்.*
*மூன்றாம் நாள். 8.05. உள்ளே போனது. ரத்தம் (என்னுடையது).*
*ஆறாம் நாள். 8.40. அலமாரிமேல் ஏறிவிட்டது. ஸ்டூல் போட்டு இறக்கிக் கொடுத்தேன். இடுப்பு.*

இடுப்புக்கு என்ன ஆனது என்று எழுதக்கூட அன்றைக்குத் தெம்பில்லை.

மகள் பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்துப் படிப்பாள். பிறகு பின்னறைக் கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அன்றைய பாடத்தைச் சத்தமாக வாசிப்பாள். உள்ளே இருப்பவருக்குத் தனியாக இருப்பதுபோல் தோன்றக்கூடாதாம்.

ஒருநாள் கேட்டாள்: "மானேஜர் என்னத் தேடுச்சாப்பா? நீங்க அதெல்லாம் எழுதவே மாட்டேங்கறீங்க."

4

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதிவிட்டேன். முதல் முறை அவருக்குக் காய்ச்சல் கொடுத்தேன். இரண்டாம் முறை அவசரமாக ஒரு பதிப்பாளரைப் போன் பண்ண வைத்தேன். இரண்டுமே பொய். நடந்தது இதைவிடக் கேவலம்.

இரண்டாவது சுற்றின் முதல் காலையில், சிரிஞ்சைக் கையில் எடுத்த நேரத்தில், அவருக்கு ஒரு கதை தோன்றியது. பூனைக்கு மருந்து கொடுக்கும் ஒருவரைப் பற்றிய கதை. உடனே எழுதாவிட்டால் போய்விடும் என்று மேசைக்கு ஓடினார். கதையில் அந்த ஆள் துண்டை விரிக்கிறார், பூனையை நெருங்குகிறார், அதன் மூச்சு அவர் மணிக்கட்டில் படுகிறது. மூன்று பக்கம். நிமிர்ந்து பார்த்தால் மணி பதினொன்றரை. மருந்து கொடுத்து முடித்த நிறைவு அவருக்கு வந்துவிட்டது. மருந்து மட்டும் ஃபிரிட்ஜிலேயே இருந்தது.

சாயங்காலம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். சாயங்காலம் மனைவி வந்துவிட்டாள். அவள் கண்முன்னால் சிரிஞ்சை எடுத்தால் காலையில் கொடுக்கவில்லை என்று ஆகிவிடும். ஆகவே நோட்டை எடுத்தார். மகள் கேட்டதும் ஞாபகம் வந்தது.

*8.00. இன்று மானேஜர் சாந்தமாக இருந்தது. மருந்து இறங்கியபோது அதன் கண்களில் மெல்லிய மன்னிப்பு படர்ந்தது. பிறகு கதவைப் பார்த்து ஒருமுறை கூப்பிட்டது. யாரை என்று சொல்லத் தேவையில்லை.*

மகள் அதைப் படித்துவிட்டு வீட்டைச் சுற்றி ஓடினாள். சரி, ஒரு நாள்தானே என்று அவர் தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

அந்தச் சுற்றில் நான்கு நாள் அப்படிப் போனது. அடுத்த சுற்றில் மூன்று. கதை மட்டும் நன்றாக வளர்ந்தது.

5

பரிசோதனை முடிவு ஏழாவது வாரத்தில் வந்தது. தட்டில் பூஞ்சை குறைவில்லாமல் வளர்ந்திருந்தது. காதோரத்தில் இருந்தது இப்போது முன்னங்காலுக்கும் வந்திருந்தது. அவரும் மகளும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மனைவிக்கு அன்று டியூட்டி.

டாக்டரம்மா நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ஒரு நாள்கூட விடல. ரொம்ப ஒழுங்கா குடுத்திருக்கீங்க. எழுத்தும் நல்லாருக்கு சார்."

இதை எழுதும்போது எனக்கு வெட்கத்தில் காது சுடுகிறது: அந்த நொடியில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. 'எந்த இடம் பிடித்தது?' என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"அப்படீன்னா இந்த மருந்துக்கு இது அடங்கல," என்று டாக்டரம்மா நோட்டை மூடினார். "வேற மருந்துக்கு மாத்திடலாம். அது கொஞ்சம் ஈரலப் பாதிக்கும், ஏற்கெனவே எடையும் குறைஞ்சிருக்கு. இப்பவே ரத்தம் எடுத்துக்கறேன். ரிசல்ட் சரியா இருந்தா நாளைக்குக் காலைல ஆரம்பிச்சிடுங்க."

இந்த இடத்தில் அவர் பேச மூன்று வசனம் எழுதிப் பார்த்தேன்.

"டாக்டர், ஒரு நிமிஷம். தப்பு மருந்து மேல இல்ல."

"டாக்டர், நான் ஒரு முட்டாள்."

"டாக்டர், பாப்பா கொஞ்சம் வெளிய இருக்கட்டும், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

மூன்றுமே நன்றாக இருக்கின்றன. அவர் சொன்னது: "சரிங்க டாக்டர்."

மகள் கேட்டாள்: "ஈரல் பாதிச்சா வலிக்குமா?" மானேஜரின் காலில் ஊசி இறங்கியபோது அது அவரைத்தான் பார்த்தது. (இது நடந்தது. ஆனால் இதை நான் எழுதினால் நீங்கள் எப்படி நம்புவீர்கள்?)

6

மனைவி வேலை முடிந்து வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்தாள். முன்னும் பின்னுமாகப் புரட்டினாள்.

"ஏங்க, இங்க வாங்க. முதல் வாரம் என்ன எழுதியிருக்கீங்க? 'நுரை தள்ளியது. ரத்தம். இடுப்பு.' இங்க பாருங்க, 'கண்களில் மெல்லிய மன்னிப்பு படர்ந்தது.' பூனை வாயில மருந்த ஊத்திட்டு எந்த மனுசனுக்கு இப்படி எழுத வரும்?"

"அது... பழகப் பழக..."

"அடுத்த நாளு மறுபடி 'பிறாண்டியது.' அதுக்கடுத்த நாளு 'காலை ஒளியில் அதன் மீசை'. அழகா இருக்கறதெல்லாம் குடுக்காத நாளு. அப்படித்தானே?"

இருபது வருடமாக எழுதுகிறார். அவரை இவ்வளவு சரியாக யாரும் படித்ததில்லை.

"எத்தன நாளு?"

"ஏழு."

"நாளைக்கு அந்த ஈரல் மருந்த ஊத்தியிருப்பீங்களா? ஒண்ணும் தெரியாத மாதிரி?"

"தெரியல" என்றார் அவர். அன்று அவர் பேசியதில் அது இரண்டாவது உண்மை.

"போன எடுங்க. நான் பேசமாட்டேன், நீங்களே சொல்லுங்க."

சொன்னார். டாக்டரம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லவேளை இன்னிக்கே சொன்னீங்க. பழைய மருந்தே போதும், முதல்லருந்து மூணு சுத்தும் குடுங்க. நோட்டுல அம்மா டிக் மட்டும் போடட்டும். நீங்க எதுவும் எழுதாதீங்க சார்."

7

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் கூடத்து வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"முதல்லருந்துன்னா, இன்னும் ஆறு வாரமா?"

"ஆமா கண்ணு. டெஸ்டுக்கும் சேத்து அதுக்கு மேலயும் ஆகும். அப்பா மேலதான் தப்பு."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். அவள் உள்ளே போய் ஒரு சிவப்புப் பென்சிலோடு வந்தாள். நோட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"பொய்யெல்லாம் அடிச்சுக் குடுங்க. நான் தெனமும் படிச்சேன். எது நெஜம்னு எனக்குத் தெரியணும்."

அவர் அடித்தார். மன்னிப்பை அடித்தார். காலை ஒளியை அடித்தார். ஒவ்வொன்றையும் அடிப்பதற்கு முன்னால் அவள் உதட்டை அசைத்து ஒருதடவை படித்துக்கொண்டாள். கதவைப் பார்த்து ஒருமுறை கூப்பிட்டது என்ற வரி வந்தபோது, "இதுவுமா?" என்றாள். "இதுவும்தான்" என்றார். அந்த இடத்தில் பென்சில் முனை ஒடிந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஒடியவில்லை.

ஏழும் முடிந்தது. அவள் பக்கத்தைத் திருப்பி, இன்னொரு வரியில் விரலை வைத்தாள்.

*8.15. கொடுத்தேன். மாலையில் நீ பாடம் வாசித்து முடிக்கும்வரை, கதவுக்கு இந்தப் பக்கம் காதை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நீ எழுந்து போனதும் கதவை நக்கியது.*

"இதையும் அடிங்க."

"இது நெஜம் கண்ணு. அன்னிக்கு நான் உள்ளதான் இருந்தேன். என் கண்ணால பாத்தேன்."

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்களே" என்றாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

8

முடிவு.

(அ) மூன்று சுற்றும் முடிகிறது, இரண்டு தட்டும் சுத்தமாக வருகிறது, கதவு திறக்கிறது, மானேஜர் நேராக அவள் மடியில் போய்— வேண்டாம்.

(ஆ) மூன்று சுற்றும் முடிகிறது, தட்டில் மறுபடியும்— இதுவும் வேண்டாம். நடக்காததை முன்கூட்டி எழுதியதால்தானே இவ்வளவும்.

இப்போதைய நிலவரம் மட்டும் சொல்கிறேன். புதுச் சுற்றில் நான்காவது நாள். காலையில் நான் கொடுக்கிறேன், மனைவி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு டிக் போட்டு வேலைக்குக் கிளம்புகிறாள். மகள் நோட்டைத் தொடுவதில்லை. மாலையில் கதவுக்கு வெளியே உட்கார்கிறாள், ஆனால் பாடத்தை மனசுக்குள்தான் படிக்கிறாள். கேட்டால், "மானேஜருக்குக் கேக்குதான்னு யாருக்குத் தெரியும்?" என்கிறாள்.

(பார்த்தீர்களா, 'நான்' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

அந்தக் கடைசி வரியை நான் இன்னும் அடிக்கவில்லை. உண்மையை அடிக்கக் கை வரவில்லை. அடிக்காமல் விட்டால் அவளுக்கு அது எட்டாவது பொய். அதற்குப் பக்கத்தில் 'இது உண்மை' என்று எழுதலாமா என்று யோசித்தேன். அதையும் நான்தானே எழுத வேண்டும்? மேலே ஏழாம் பகுதியில் அந்த வரி இருக்கிறது. அடிப்பதா விடுவதா என்பதை நீங்கள் சொல்லுங்கள். அவளுக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் சொன்னால் ஒருவேளை நம்புவாள்.