பதினாலாம் நம்பர் கோப்பை

"இனிமே குத்த வச்சு உக்காரவே கூடாது. வீட்ல வெஸ்டர்ன் டாய்லெட்தானே?"

தென்காசி டாக்டர் அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இப்படிக் கேட்டார். வீட்டில் ஃபேன் இருக்கிறதா என்று கேட்பது மாதிரி. அம்மா தலையை ஆட்டிவிட்டாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கம். எனக்கு வெட்கமில்லை, ஆத்திரம்தான் வந்தது.

எங்கள் வீடு மேலகரத்தில். கொல்லைப்புறத்தில் இருக்கும் கழிப்பறை அரசாங்கத் திட்டத்தில் வந்தது. மூன்றடிக்கு நாலடி. கட்டியவன் ஒரு நாளாவது உள்ளே உட்கார்ந்து பார்த்திருந்தால் இப்படிக் கட்டியிருக்க மாட்டான். தகரக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே போனவர் தரையில் பதித்த கோப்பையின் மேல் ஏறி நின்றுதான் கதவைச் சாத்த முடியும். தரைக்கு வாட்டம் கிடையாது, ஊற்றின தண்ணீர் அங்கேயே நிற்கும். அம்மா சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிடுவாள். எழத்தான் முடியாது. "ஏட்டி சுகந்தி" என்று கூப்பிடுவாள். கதவைத் தள்ளினால் அவள் மண்டையில் இடிக்கும். அதனால் கதவிடுக்கு வழியாகக் கையை நீட்டி இழுத்துவிடுவேன். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது.

இத்தனைக்கும் அம்மாவின் வேலையே கக்கூஸ் கழுவுவதுதான். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் பதினோரு வருடமாக ரூம் கிளீனிங். இருபத்திரண்டு அறை, இருபத்திரண்டு வெஸ்டர்ன். சீசனில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு வருகிற கூட்டம் பிசுக்கோடு உட்கார்ந்து எழுந்த கோப்பைகளை எல்லாம் ஆசிட் போட்டுத் தேய்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்துக் குத்த வைப்பாள்.

கொத்தனார் சுடலையாண்டி அண்ணாச்சியைக் கூட்டிவந்து காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "சீசன் முடியட்டும்மா. இப்ப எல்லாரும் லாட்ஜ் வேலையில கெடக்கோம்" என்றார்.

"அதுவரைக்கும் அம்மா என்ன செய்ய?"

"இத்தன நாளு என்ன செஞ்சா?"

"அப்ப நானே கட்டிக்கிடுதேன்."

அண்ணாச்சி சிரித்தார். "பி.எஸ்சி. படிச்ச புள்ள கக்கூஸ் கட்டப் போவுதாம்லா."

"கட்டக் கூடாதுன்னு எந்தப் பாடத்துலயும் போடல அண்ணாச்சி."

எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. தாலுகா ஆபீஸில் அதற்குச் சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறேன். ஆனாலும் படித்தவள் என்ற திமிர் உண்டு. நாலு வீடியோ பார்த்தால் எதையும் செய்துவிடலாம் என்ற திமிர்.

வைகாசிக் கடைசி. அம்மா வேலை பார்க்கும் லாட்ஜை மூடிப்போட்டுச் சீசனுக்காகப் புதுப்பிக்கிற வேலை முடிகிற தறுவாயில் இருந்தது. பழைய கோப்பைகளைப் பிடுங்கிப் பின்கட்டில் போட்டிருப்பதாக அம்மாதான் சொன்னாள். ஒன்று கேட்டு வாங்கலாமே என்று தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை. ஆலங்குளத்துச் சித்தி ஊரில் கோயில் கொடை, நாலு நாள் திருவிழா. அம்மாவை அங்கே அனுப்பிவிட்டு, அவள் திரும்புவதற்குள் மாட்டி முடித்துவிட வேண்டும் என்பது என் கணக்கு.

மேனேஜர் விஸ்வநாதன் நெற்றி நிறைய திருநீறும் இஸ்திரி கலையாத சட்டையுமாக இருந்தார். "முருகம்மா மவளா? டிகிரி முடிச்ச பொண்ணுல்லா? உக்காரும்மா" என்று நாற்காலியெல்லாம் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரே எழுந்து பின்கட்டுக்கு வந்தார். கோப்பைகள் வரிசையாகக் கிடந்தன. எந்த அறையில் பிடுங்கியது என்று ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் எழுதியிருந்தது. நான் முதலில் கிடந்ததைத் தொட்டேன்.

"அது வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். கடைசிக்கு முந்தினதைச் செருப்புக் காலால் தட்டினார். "இத எடுத்துக்கோ. உங்கம்மாவுக்கு இதுதான் தோதுப்படும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். ரொம்ப நன்றி சார் என்று இரண்டு தடவை சொன்னேன்.

ஆசிக் பத்தாம் வகுப்பு வரை என்னோடு படித்தவன், லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவன்தான் கொண்டுவந்து இறக்கினான். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மையால் எழுதியிருந்த பதினாலைத் தேய்த்து அழித்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று தடவை கழுவினேன். வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

நாலு நாள். முதல் நாள் உளியும் சுத்தியலுமாகப் பழைய கோப்பையை உடைத்து எடுத்தேன். இரண்டாம் நாள் கதவைக் கழற்றி, கீலை மாற்றிப் போட்டு, வெளிப்பக்கமாகத் திறக்கவைத்தேன். அது ஒன்றைச் செய்ததுமே உள்ளே ஒரு ஆள் நிற்க இடம் வந்தது. ஒரு கீல். அதை மாற்றிப் போட ஏழு வருடமாக ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். கோப்பையின் குழாய் வாய், கழிவுக் குழிக்குப் போகிற சுவர் ஓட்டைக்கு இரண்டு விரல் கீழே நின்றது. தரையைச் செங்கல் ஜல்லி போட்டு உயர்த்தி, வாசல் பக்கம் வாட்டம் வைத்துப் பூசினேன். செல்போனை வைத்து மட்டம் பார்த்தபோது ஆசிக் வாசலில் நின்றுகொண்டு, "ஏ இன்ஜினியரு, போனு குழிக்குள்ள விழுந்துச்சுன்னா எனக்குக் கால் பண்ணிராத" என்றான். சுவரில் கைப்பிடியாக இரும்புக் குழாய் ஒன்றை முடுக்கினேன். உள்ளங்கை இரண்டும் சிமெண்ட் அரித்துப் புண்ணாகிவிட்டது.

அம்மா கொடைப் பிரசாதத்தோடு வந்து இறங்கினாள். பையைக்கூட வைக்கவிடாமல் கொல்லைக்கு இழுத்துப் போனேன். கதவு வெளியே திறந்ததைப் பார்த்து, "அட, இப்பிடித் தொறக்கலாமாட்டி?" என்றாள். கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் பழக்கதோஷத்தில் குனிந்து, கோப்பை விளிம்பின் அடியில் விரலை விட்டு ஒரு சுற்று ஓட்டினாள். அழுக்கு இருக்கிறதா என்று லாட்ஜில் கழுவுகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

பாதிச் சுற்றில் விரல் நின்றது.

"எங்கன வாங்குன?"

"அத விடு. உக்காந்து பாரு."

"எங்கன வாங்குனன்னு கேக்கேம்லா?"

"உங்க லாட்ஜ்லதான். சும்மாவே குடுத்துட்டாரு."

"இது பதினாலு" என்றாள். "அடியில ஒரு செதுக்கல் இருக்கு. என் வெரலக் கிழிச்சதுதான்." கையைச் சேலையில் துடைத்தாள். "நான் இதுல உக்கார மாட்டேன்."

அத்தோடு வீட்டுக்குள் போய்விட்டாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பின்னாலேயே போய்க் கத்தினேன். நாலு நாள் லீவு போட்டதைக் கத்தினேன். புண்ணான கையைக் காட்டிக் கத்தினேன். கழுவினது போதாதென்றால் இன்னும் பத்துத் தடவை கழுவுகிறேன் என்றேன். அன்றைக்கு ராத்திரி அம்மா சோற்றைக் குறைத்துக்கொண்டாள், தண்ணீர் குடிக்கவில்லை. விடிந்ததும் பக்கத்து வீட்டு இராமலட்சுமி மதினி வீட்டுக்குப் போய், அங்கே இருக்கிற பழைய கோப்பையில் குத்த வைத்துவிட்டு, மதினி தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டித் திரும்பினாள்.

அதைப் பார்த்ததும் வாய்க்கு வந்ததைப் பேசினேன். "ஒனக்கெல்லாம் கௌரவம் ஒரு கேடு. அடுத்தவன் பீயை அள்ளலாம், அவன் உக்காந்ததுல உக்காரக் கூடாதோ? படிக்காத ஜனம்னு சும்மாவா சொல்லுதாங்க."

அம்மா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"உக்காந்திருக்கேன்."

"என்னது?"

"அதுல ஒரு தடவ உக்காந்திருக்கேன். ரெண்டு சீசனுக்கு முந்தி. கால் வீங்கிக் கெடந்துச்சு. எங்களுக்குள்ளது கீழ கார் நிப்பாட்டுற எடத்துக்குப் பின்னாடி, குத்த வைக்கிறது. மாடிப்படி எறங்கணும். பதினாலு அப்பதான் காலியாச்சு. எப்பிடியும் நாந்தான கழுவப் போறேன்னு உக்காந்துட்டேன். தாப்பா போட மறந்துட்டேன்."

தைலக் குப்பியை மூடினாள்.

"மேனேசரு கதவத் தொறந்துட்டாரு. நான் எந்திரிக்கவும் முடியாம கெடக்கேன். அங்கனயே நின்னுக்கிட்டு எல்லாரையும் கூப்பிட்டாரு. நீ உக்காந்ததுல கஸ்டமரு எப்பிடி உக்காருவான்னாரு. மூணு தடவ ஆசிட் ஊத்திக் கழுவ வச்சாரு. ஒவ்வொரு தடவயும் கூட வேல பாக்குற புள்ளைகள மோந்து பாக்கச் சொன்னாரு. கடைசித் தடவதான் வெரல் கிழிஞ்சுது."

பின்கட்டில் வரிசையாகக் கிடந்த கோப்பைகள் கண்முன் வந்தன. அது வேண்டாம்மா என்று சொன்ன குரல். ஒவ்வொரு நம்பராகப் படித்துக்கொண்டு போனது. செருப்புக் காலால் தட்டினது. இதுதான் தோதுப்படும்.

நான் நன்றி சொல்லியிருக்கிறேன், இரண்டு தடவை.

சுத்தியலை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். அம்மா கட்டிலிலிருந்தே சத்தம் போட்டாள். "ஒடைக்கவா போற? ஒடைச்சா நாந்தான் கூட்டணும்."

சுத்தியலைக் கீழே போட்டேன். போனை எடுத்து மேனேஜருக்கு அடித்தேன். அம்மா சொன்னது அத்தனையையும் அவன் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும் போலிருந்தது. அந்தப் பக்கம் "சொல்லும்மா, மாட்டியாச்சா?" என்று குரல் வந்ததும், "சார், நீங்க மனுசன்தானா?" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து போனைப் பிடுங்கிவிட்டாள். கெஞ்சப் போகிறாள், மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை.

"அண்ணாச்சி, நான் முருகம்மா பேசுதேன்."

பதினோரு வருடத்தில் சார் போடாமல் அவள் அவரோடு பேசிக் கேட்டதில்லை.

"பதினாலாம் நம்பரக் குடுத்து விட்டிருக்கீய. நல்லா ஞாபகம் வச்சுத் தேடிக் குடுத்திருக்கீய. எனக்கு அது ஆகாது. இன்னைக்கே லோடு ஆட்டோவுல திருப்பி அனுப்புதேன். வண்டி வாடகைய நீங்க குடுத்துருங்க."

அந்தப் பக்கம் ஏதோ கத்தல்.

"வேல வேணும், வேண்டாம்னு சொல்லல. ஆனா நாளைக்கு வர மாட்டேன். எனக்குக் கோப்பை வாங்கப் போறேன். சாரல் விழுந்தாச்சு, ரூம் எல்லாம் நெறஞ்சாச்சு, தெரியும். இருபத்திரெண்டையும் நாளைக்கு ஒரு நாள் நீங்க பாத்துக்கிடுங்க. கழுவிட்டு மறக்காம மோந்து பாருங்க."

போனை என்னிடம் கொடுத்தாள். "வேல போனா போவட்டும்" என்றேன். "ஒனக்கென்ன, சொல்லுவ" என்று எரிந்து விழுந்தாள். "வாயி மட்டும் காது வரைக்கும் இருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? என் காலுக்கு, என் கக்கூஸுக்கு, நீயும் அவனும் பேசி முடிச்சிருக்கீய. படிச்ச ஜனம்!"



அன்றைக்கு மத்தியானமே கோப்பையைப் பெயர்த்தேன். மாட்டுவதைவிடப் பெயர்ப்பது கஷ்டம், நானே நன்றாகப் பூசித் தொலைத்திருந்தேன். ஆசிக் ஏற்றிக்கொண்டு போனான். ரிசப்ஷனில் மதுரைக்காரக் குடும்பம் ஒன்று நிற்கும்போது நடுவில் கொண்டு வைத்து, வாடகையை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தானாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் தென்காசியில் முகம்மது இஸ்மாயில் பாய் கடைக்குப் போனோம். அம்மா சீட்டுப் பணத்தை முந்தியில் முடிந்திருந்தாள். பாய் மூலையில் கிடந்த ஒன்றைக் காட்டி, "இதுல லேசா கீறல். பாதி வெலைக்குத் தாரேன், வெளிய தெரியாது" என்றார்.

"வேண்டாம்யா. யாரும் தொடாதது வேணும்."

பாய், கடைமுகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மேடை மேல் வரிசையாக இருந்தவற்றைக் காட்டினார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினாள். முதல் கோப்பையின் மூடி மேல் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் ஓடிவந்தார். "யம்மா, அது டிஸ்ப்ளேக்கு வச்சது. அதுல உக்காரக் கூடாது."

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். என்ன பேசினேன் என்று சரியாக ஞாபகமில்லை, நல்லவிதமாகப் பேசியிருக்க மாட்டேன். அம்மா அதற்குள் குறுக்கே புகுந்தாள்.

"செருப்புக் கடையில போட்டுப் பாக்காமயா வாங்குதீய? கால் என்னுதுய்யா. செத்த பொறும். இன்னும் எந்திரிச்சுப் பாக்கல்ல."

பாய் ஒதுங்கி நின்றார். அம்மா மெல்ல எழுந்தாள். பாதியில் முகம் சுளித்து, கையை என் பக்கம் நீட்டினாள். பிடித்துத் தூக்கினேன்.

"இது குட்ட. ஆகாது" என்றாள்.

இரண்டாவதில் உட்கார்ந்தாள். எழுந்தாள். முன்பக்கம் அகலம் என்றாள். மூன்றாவது கொஞ்சம் உயரமானது. அதில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். நான் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள். முழங்காலைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் எழுந்து நின்றாள்.

"இதுக்கு வெலை என்னய்யா?" என்று பாயிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்வதற்குள் மறுபடியும் உட்கார்ந்தாள்.