நானும் வர விரும்பவில்லை

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை இதற்கு முன் மூன்று முறை எழுதினேன்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “கொம்பையா உயிரோடு இருக்கும்போதே அவருக்கு இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினோம்.” நல்ல தொடக்கம்தான். படித்தவுடன் சிரிப்பு வரும். அதனாலேயே அடித்தேன்.

இரண்டாவது: “மரணம் என்பது

(இதை முடிக்கவே இல்லை. அப்படித் தொடங்கும் வாக்கியத்தை முடிக்கிற அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது.)

மூன்றாவது வரைவில் முழுக் கதையும் இருந்தது. “அந்தப் படத்தை க்ரூப்பில் போட்டது டில்லிபாபு” என்ற வரியும் இருந்தது. பிழையில்லாத தமிழில் சுத்தமான பொய்.

போட்டது நான். பெயர் பிரவீனா. ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். நான் கதை எழுதுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் படித்ததில்லை. இந்தக் கதை என் கட்டைவிரலில் பிறந்தது.

2

கொம்பையா எங்கள் லைன் லீடர். தென்காசிப் பக்கத்துக்காரர். பதினாறு வருடமாகப் படப்பையில் வாடகை வீட்டில் இருந்தார். மனைவி வேல்விழி. மகள் நிலா பத்தாம் வகுப்பு.

டில்லிபாபு படப்பையை ஒட்டிய கிராமத்தில் பிறந்தவன். கொம்பையாவைவிடப் பத்து வயது சின்னவன். கம்பெனி பஸ்ஸில் இருவருக்கும் கடைசிக்கு முந்தின சீட். சாவைப் பற்றி ஏதாவது சொல்லி கொம்பையாவைச் சிரிக்க வைக்காமல் அவனுக்குக் காலை விடியாது. ஒருநாள் வண்டலூர் சாலையில் குளிர்சாதனப் பெட்டி வைத்த அமரர் ஊர்தி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

“பாத்தியா அண்ணாச்சி, ஏசி வண்டி. நாம உசுரோட கீறப்போ கம்பெனிக்காரன் குடுத்தானா?”

“அதுல ஜன்னல் சீட்டு கெடையாதுல்லா, டில்லி” என்றார் கொம்பையா.

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் முன் சீட்டிலிருந்து சிரித்தேன்.

ஜனவரியில் அவருக்கு மஞ்சள் காமாலை என்றார்கள். மார்ச்சில் கல்லீரலில் புற்றுநோய் என்றார்கள். ஏப்ரலில், வீட்டுக்குக் கூட்டிப் போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் குடித்ததே இல்லை. (இதை எழுதுவதற்குக் காரணம், கேள்விப்பட்ட எல்லோரும் முதலில் கேட்டது இதைத்தான்.)

கம்பெனியிலிருந்து ஆட்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாகப் போனார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலையும் கழற்றி வைத்துவிடுவார்கள். டில்லிபாபு முதல் தடவை போனபோது அவனும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். கொம்பையா கொஞ்ச நேரம் பார்த்தார்.

“லேய், நீயும் இப்பிடி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தா நான் யாருகிட்டல போவேன்?”

டில்லிபாபு தலையைத் தூக்கவில்லை. “ரிகர்சல் பாத்துகினு கீறேன் அண்ணாச்சி.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் கொம்பையா. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் டில்லிபாபு போனான். பல ஞாயிறுகளில் நானும் போனேன்.

3

ஃப்ளெக்ஸ் யோசனை அவருடையது. பழியை இறந்தவர் மேல் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

(இறந்தவர் என்று எழுதிவிட்டேன். கடைசிவரை மறைத்து வைத்திருக்கலாம் என்றுதான் இருந்தேன். பரவாயில்லை. ஆமாம், இந்தக் கதையில் கொம்பையா இறந்துவிடுவார். காப்பாற்றிவிடலாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தேன். வேல்விழி அக்கா படிப்பாரே என்று விட்டுவிட்டேன்.)

“எங்க ஊர்ல ஒருத்தருக்குக் கண்ணீர் அஞ்சலி போர்டு வச்சானுவ” என்றார். “அவரு கல்யாண வீட்டுல பந்தில இருக்க போட்டோவ வெட்டிப் போட்டுட்டானுவ. வாய்க்குள்ள வடை. செத்தும் மென்னுக்கிட்டு நிக்காரு. எனக்கு அந்தக் கதி வந்துரக் கூடாதுல, டில்லி. நானே பாத்து முடிச்சிட்டுப் போறேன்.”

ஆயுத பூஜை அன்று நீலச் சட்டையில் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுத்தார். டில்லிபாபுவின் பங்காளி படப்பையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தான். வாசகம் எழுதும் வேலை எனக்கு வந்தது. பெயர், தோற்றம், மறைவு என்று மேலே பெரிய எழுத்தில் வழக்கம்போல. கீழே சின்ன எழுத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:

“பஸ்ஸில் என் ஜன்னல் சீட் காலி. அடித்துக்கொள்ள வேண்டாம்.

வர முடியாதவர்கள் வருந்த வேண்டாம். நானும் வர விரும்பவில்லை.”

இரண்டாவது வரிக்கு டில்லிபாபு தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். டீயோடு வேல்விழி அக்கா உள்ளே வந்தார். மூன்று பேரும் சட்டென்று நிறுத்தினோம்.

“என்ன, சொன்னா நானும் சிரிப்பேம்லா?”

“ஒண்ணுமில்ல, கம்பெனிக் கதை” என்றார் கொம்பையா. அக்கா டீயை வைத்துவிட்டுப் போனார்.

அப்போது எனக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை.

4

ஒரு வியாழக்கிழமை காலை. டில்லிபாபு கடையிலிருந்து வந்த மாதிரிப் படத்தை எனக்கு அனுப்பிவிட்டு, பின் சீட்டிலிருந்து கத்தினான்: “பிரவீனா, அண்ணாச்சிக்கு அனுப்பி ஓகே வாங்கிடு!”

எழுத்து சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, ‘மறைவு’ என்ற இடத்தில் அன்றைய தேதியையே போட்டு வைத்திருந்தான் கடைக்காரன். நான் ‘லைன் 3’ என்று தேடினேன். இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று ‘கொம்பையா லைன் 3’. இன்னொன்று ‘லைன் 3’, நாற்பத்தாறு பேர் இருக்கும் க்ரூப். மேலே இருந்ததை அழுத்தினேன்.

(பஸ் குலுங்கியது என்று ஒரு வரைவில் எழுதியிருந்தேன். குலுங்கவில்லை. அங்கே ரோடு நன்றாகத்தான் இருக்கும்.)

கேட் வந்தது. உள்ளே போனுக்கு அனுமதி இல்லை. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு லைனுக்குப் போனேன்.

எட்டரை மணிக் கூட்டத்தில் சூப்பர்வைசர் ரகுபதி சார் தொப்பியைக் கழற்றினார். “நம்ம கொம்பையா இன்னிக்குக் காலைல நம்மள விட்டுட்டுப் போய்ட்டாரு. ரெண்டு நிமிஷம் மௌனமா நிப்போம்.”

நானும் நம்பினேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். எனக்கு முன்னால் நின்ற டில்லிபாபு ஒரு சின்னச் சத்தம் போட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். பக்கத்தில் நின்ற காவேரி என் காதில் சொன்னாள்: “நீ போட்ட போட்டோவப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல பிரவீனா.”

எனக்குப் புரியப் பத்து விநாடி ஆனது. முன்னால் குனிந்து டில்லிபாபுவிடம் சொன்னேன்: “தப்பா க்ரூப்ல போட்டுட்டேன்.”

அவன் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. பொத்திய கைக்குள் சிரிப்பு. நிறுத்த முடியவில்லை. கண்ணில் நீர் ஊற்றுகிறது. அழுகிறான் என்று நினைத்து ஒருவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“சார், அவுரு சாவல சார்” என்றான் டில்லிபாபு.

ரகுபதி சார் அவனைக் கட்டிக்கொண்டார். “ஏத்துக்கக் கஷ்டமாத்தான்பா இருக்கும்.”

“ஐயோ, நெஜமாவே சாவல சார்!”

“தண்ணி குடுங்கப்பா இவனுக்கு.”

5

இதுவரை எழுதியதைப் படித்தபோது நானே சிரித்தேன். கதையை இங்கேயே முடித்திருந்தால் ஒரு நல்ல நகைச்சுவைக் கதை கிடைத்திருக்கும்.

ஆனால் அந்தப் படம் நாலு க்ரூப் தாண்டி மறைமலை நகருக்குப் போய்விட்டது. அங்கே ஒரு கம்பெனியில் வேல்விழி அக்காவின் தம்பி நயினார் வேலை பார்த்தார். அவர் படத்தை அக்காவுக்கு அனுப்பிவிட்டு, போன் போட்டு, பேச முடியாமல் அழுதார். அக்கா அப்போது தாம்பரத்தில், மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றிருந்தார். ஒரு மணி நேரம் முன்னால்தான் கணவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுக் கிளம்பியிருந்தார். வீட்டுக்கு போன் அடித்தார். எடுக்கவில்லை. கொம்பையா தூங்கிக்கொண்டிருந்தார்.

நாங்கள் கம்பெனி வண்டியில் படப்பைக்குப் போனோம். ரகுபதி சார், டில்லிபாபு, நான். பின்னால் பெரிய மலர் வளையம். ரகுபதி சார் கடைசிவரை எங்களை நம்பவில்லை. கதவு திறந்திருந்தது. விழித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த கொம்பையா எங்களைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார்.

“வாங்க சார். யாருக்கு, எனக்கா?”

ரகுபதி சார் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நடந்ததைக் கேட்டுக் கொம்பையா சிரித்த சிரிப்பில் இருமல் வந்தது. “இம்புட்டுப் பூவா! இருக்கும்போதே பாத்துட்டேன்ல” என்று வளையத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நாலு பேரும் சிரித்தோம்.

அப்போதுதான் அக்கா வாசலில் வந்து நின்றார்.

மடியில் மலர் வளையம். வாய் நிறையச் சிரிப்பு. அக்கா கத்தவில்லை. குனிந்து அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு பாதத்தையும். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“நாப்பது நிமிசம்” என்றார். “ஷேர் ஆட்டோ ஒவ்வொரு ஸ்டாப்பா நின்னு ஆள் ஏத்துது. வேகமாப் போங்கன்னு டிரைவர்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. ஏன்னு கேட்டா நான் சொல்லணும்லா? சொல்லிட்டா நெசமாயிரும்லா? பக்கத்துல ஒரு அம்மா கீரக்கட்டு வச்சிருந்தா. அதையே பாத்துக்கிட்டு வந்தேன்.”

கொம்பையா வளையத்தைக் கீழே இறக்கி வைத்தார்.

“அந்தப் போட்டோவ யாரு போட்டது?” என்றார் அக்கா.

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

“நான்தான் அண்ணி” என்றான் டில்லிபாபு.

“இனிமே நீங்க இங்க வராதீங்க, டில்லி அண்ணாச்சி.”

அவன் போனான். நான் வளையத்திலிருந்து உதிர்ந்த சம்பங்கிப் பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

6

மூன்று வாரம் டில்லிபாபு வரவில்லை. பஸ்ஸில் அவன் ஜோக் எதுவும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. “வுடு, இன்னா இப்போ. உனக்கு அந்த வூட்டுக்குப் போக வர வேணும்” என்றான்.

கொம்பையா ஒடுங்கிப்போனார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: “வாரவுக எல்லாம் என்னயப் பொதச்சிட்டுத்தான்மா வாராக. அந்தப் பய ஒருத்தன்தான் நான் இருக்கேன்னு நெனச்சிப் பேசுனான்.”

எழுந்து சமையற்கட்டுக்குப் போனேன். அக்கா கஞ்சி வடித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அன்னிக்குப் போட்டோவப் போட்டது நான். டில்லி இல்ல.”

அவர் திரும்பவில்லை. நீர் முழுக்க வடியும்வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தார்.

“அதுல கீழ ஒரு வரி இருந்துச்சே. நானும் வர விரும்பலன்னு. அது யாரு எழுதுனது? நீங்களா?”

“இல்லக்கா. அண்ணாச்சிதான் சொன்னாரு. நான் எழுதுனேன்.”

அக்கா பாத்திரத்தை நிமிர்த்தி வைத்தார்.

“போவ விருப்பமில்லன்னு உங்ககிட்டச் சொல்லிருக்காக. எங்கிட்ட ஒரு நா கூடச் சொல்லல பிரவீனா. எங்கிட்ட எப்பவும், ஒண்ணும் ஆவாது, நீ சாப்ட்டியா, அம்புட்டுத்தான். நானும் ஒண்ணும் ஆவாதுன்னே சொல்லிக்கிட்டு இருக்கேன். ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பொய் சொல்லிக்கிட்டுக் கெடக்கோம்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“உங்கமேல எனக்குக் கோவம் இருக்கு. அது போவ நாளாவும். டில்லி அண்ணாச்சிய ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க. நான் டீய வச்சிட்டுப் போமாட்டேன். உக்காந்து கேப்பேன்.”

7

சாவை வைத்து எதுவரைக்கும் சிரிக்கலாம் என்று ஒரு பத்தி இங்கே எழுதியிருந்தேன். சாகப் போகிறவர் சிரிக்கலாம், கூட இருப்பவர் சிரிக்கலாமா, எழுதுகிறவர் சிரிக்கலாமா என்று படிப்படியாகப் பிரித்திருந்தேன். வேல்விழி அக்கா வாசித்துவிட்டு, “இது யாருக்கு?” என்று மட்டும் கேட்டார். எடுத்துவிட்டேன்.

முடிவுகளும் சில வைத்திருந்தேன். ஒன்றில், இறுதி ஊர்வலத்தில் டில்லிபாபு ஏதோ சொல்லக் கூட்டமே சிரிக்கிறது. இன்னொன்றில் அந்த ஃப்ளெக்ஸ் அப்படியே சாலையோரம் நிற்கிறது, போகிறவர்கள் நின்று வாசிக்கிறார்கள். இரண்டும் நடக்கவில்லை. கொம்பையா ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், நிலா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது இறந்தார். ஃப்ளெக்ஸ் எதுவும் வைக்கவில்லை. டில்லிபாபு அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தல் போட்டான், நாற்காலி இறக்கினான், எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தான். பிறகு கொஞ்ச நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான்.

கதையை அங்கே முடிக்க எனக்கு மனம் இல்லை. அதற்கு ஒன்பது நாள் முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமையில் நிறுத்துகிறேன்.

அன்று நான் தாமதமாகப் போனேன். வெயில் சுள்ளென்று அடித்தது. வாசலில் டில்லிபாபுவின் செருப்பு. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. டில்லிபாபு ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னான். பிறகு அக்காவின் குரல், குறுக்கே ஒரு பதில். அதற்கப்புறம் மூன்று பேரும் சிரித்தார்கள். கொம்பையா இருமிக்கொண்டு, “இவளைப் பாருல, இவளைப் பாருல” என்றார். அக்கா சிரித்துச் சிரித்து, நடுவில் எங்கேயோ அழுகைக்கு மாறினார். யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.

நான் செருப்பைக் கழற்றவில்லை. திரும்பி நடந்தேன்.

அக்கா என்ன சொன்னார் என்று பிறகு டில்லிபாபுவிடம் கேட்டேன். “அது உள்ள பேசுனது” என்றான். அக்காவிடமும் கேட்டேன். இந்தக் கதையைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளச் சொன்னவர், அதை மட்டும் சொல்லவில்லை. நானாக ஏழு வசனம் எழுதிப் பார்த்தேன். ஏழும் நன்றாகத்தான் இருந்தன. ஏழையும் அடித்துவிட்டேன்.

உங்களுக்கு ஏதாவது தோன்றலாம். தோன்றினால் என்னிடம் சொல்ல வேண்டாம். வீட்டில் யாராவது இருந்தால், அவரிடம் சொல்லுங்கள்.